பேரப்பிள்ளைகளுக்குச் சேரும் சொத்தும் வரியும்

பாட்டனும் பாட்டியும் பாடுபட்டுச் சேர்த்த பொருள் பேரப்பிள்ளைகளின் கைக்குப் போகும்போது அரசாங்கத்துக்கு எவ்வளவு வரி கட்டவேண்டும், அதற்காக முன்கூட்டியே என்னென்ன செய்து வைக்கவேண்டும் என்பது பற்றி இன்று பேசவிருக்கிறோம்.

"தோட்டத்துத் தொழிலாளிக்கு ஏதையா சொத்து? லயத்து வீடுகூடக் கம்பெனிக்குச் சொந்தம்!" என்று சிலர் நினைக்கலாம். சற்று எண்ணிப் பாருங்கள். பால்மரக் காட்டிலும் செம்பனைக் காட்டிலும் முப்பது நாற்பது ஆண்டு உழைத்தவருக்கு ஊழியர் சேமநிதியில் ஒரு தொகை இருக்கிறது. தோட்டத்தை விட்டு வெளியேறியபோது ஜெஞ்சாரோமிலோ, பந்திங்கிலோ, தெலுக் பங்லிமா காராங்கிலோ வாங்கிய மலிவு விலை வீடு ஒன்று இருக்கிறது. 1960ஆம் ஆண்டில் துன் வீ. தி. சம்பந்தன் முயற்சியால் தொடங்கப்பட்ட தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தில் மாதம் பத்து வெள்ளி கட்டி வாங்கிய பங்கு இருக்கிறது. காப்புறுதிப் பத்திரம், வங்கிக் கணக்கு, பாட்டியின் கழுத்துச் சங்கிலி என்று கணக்கிட்டால், அது சிறிய சொத்தல்ல. இன்றைய விலைக்கு ஒரு சாதாரண வரிசை வீடே சில இலட்சம் வெள்ளி பெறும். ஆகவே இது நம் குடும்பங்களுக்கும் உரிய பேச்சுத்தான்.

முதலில் பலருடைய மனத்தில் இருக்கும் ஓர் அச்சத்தைப் போக்கிவிடுவோம். "ஆள் இறந்துவிட்டால் சொத்தில் பாதியை அரசாங்கம் எடுத்துக்கொள்ளும்" என்ற பேச்சு இன்னும் காதில் விழுகிறது. நம் நாட்டில் மரணவரி ஒரு காலத்தில் இருந்தது உண்மை. 1941ஆம் ஆண்டில், ஆங்கிலேயர் ஆட்சியில், அதற்கென்று சட்டம் இயற்றப்பட்டது. அந்த வரி 1991ஆம் ஆண்டு நவம்பர் முதல் தேதியோடு நீக்கப்பட்டுவிட்டது. அது நடப்பில் இருந்த கடைசி ஆண்டுகளிலும் இரண்டு மில்லியன் வெள்ளிக்கு மேற்பட்ட பெருஞ்சொத்துகளைத்தான் அது தொட்டது. சாதாரணத் தொழிலாளியின் வீட்டை அது தொடவில்லை.

இங்கே ஒரு செய்தியைக் குறித்துக்கொள்ளுங்கள். மரணவரி நீங்கியது அந்தத் தேதியன்றும் அதற்குப் பின்னும் இறந்தவர்களுக்கு. பாட்டனார் 1985இல் காலமாகி, நிலப் பத்திரம் இன்றும் அவர் பெயரிலேயே கிடக்கிறதென்றால், அந்த விவகாரத்தைப் பழைய சட்டத்தையும் பார்த்துத்தான் முடிக்கவேண்டும். அப்படிப்பட்ட பத்திரம் வீட்டில் இருந்தால், இறப்புப் பத்திரத்தின் தேதியை முதலில் பாருங்கள்.

பிற நாடுகளையும் ஒரு கண் பார்ப்போம். இந்தியா 1953இல் மரணவரிச் சட்டம் கொண்டுவந்து 1985இல் அதை எடுத்துவிட்டது. பக்கத்திலுள்ள சிங்கப்பூர் 2008இல் எடுத்துவிட்டது. பிரிட்டனிலோ குறிப்பிட்ட வரம்புக்கு மேற்பட்ட சொத்துக்கு நூற்றுக்கு நாற்பது வீதம் இன்றும் உண்டு. அமெரிக்காவில் இன்னும் விசித்திரம்: பிள்ளைகளைத் தாண்டி நேரே பேரப்பிள்ளைகளுக்குப் பெருஞ்சொத்தைக் கொடுத்தால், ஒரு தலைமுறையைத் தாண்டியதற்காகவே தனி வரி ஒன்று இருக்கிறது. நம் நாட்டில் அப்படியொரு வரி இல்லை. அன்பளிப்பு வரி என்பதும் இல்லை. மரணவரியைத் திரும்பக் கொண்டுவரலாமா என்ற பேச்சு அவ்வப்போது எழுகிறது. ஆகவே ஆண்டுதோறும் வரவுசெலவுத் திட்டச் செய்தியைக் கவனித்துக் கேட்பது நல்லது.

அப்படியானால் ஒரு காசும் கட்டவேண்டாமா? கட்டவேண்டியவை சில உண்டு. அவற்றை வழிவழியாகப் பார்ப்போம்.

வீடோ நிலமோ பேரனுக்குப் போக இரண்டு வழிகள். ஒன்று, உயிரோடிருக்கும்போதே பெயர் மாற்றிக் கொடுப்பது. மற்றொன்று, காலத்துக்குப் பிறகு போய்ச் சேரும்படி செய்வது.

உயிரோடிருக்கும்போது பெயர் மாற்றினால் முத்திரை வரி என்று ஒன்று வரும். வீட்டின் சந்தை மதிப்பில் முதல் 100,000 வெள்ளிக்கு நூற்றுக்கு ஒன்று, அடுத்த 400,000 வெள்ளிக்கு நூற்றுக்கு இரண்டு, அதற்குமேல் ஒரு மில்லியன் வரை நூற்றுக்கு மூன்று, ஒரு மில்லியனுக்கு மேல் நூற்றுக்கு நான்கு. இது பொதுக் கணக்கு. குடும்பத்துக்குள் அன்பின் பேரில் கொடுத்தால் சலுகை உண்டு. கணவன் மனைவிக்கிடையே முழு விலக்கு. 2023ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் தேதியிலிருந்து பெற்றோர் பிள்ளைகளுக்கிடையேயும், பாட்டன் பாட்டி பேரப்பிள்ளைகளுக்கிடையேயும் முதல் ஒரு மில்லியன் வெள்ளி வரை முழு விலக்கு. மிச்சத்துக்குப் பாதி வரி.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். வீட்டின் மதிப்பு 300,000 வெள்ளி. பொதுக் கணக்கின்படி முதல் 100,000க்கு 1,000 வெள்ளி, அடுத்த 200,000க்கு 4,000 வெள்ளி, ஆக 5,000 வெள்ளி முத்திரை வரி. பேத்திக்கு அன்பளிப்பாக எழுதினால் அந்த 5,000 வெள்ளியும் இல்லை. அதே வீட்டைத் தம்பிக்கோ மருமகளுக்கோ எழுதினால் 5,000 வெள்ளியும் கட்டியாகவேண்டும். அண்ணன் தம்பிக்கும் மருமக்களுக்கும் இந்தச் சலுகை கிடையாது.

சலுகைக்கு ஒரு நிபந்தனை உண்டு. பெற்றுக்கொள்பவர் மலேசியக் குடிமகனாக இருக்கவேண்டும். அதுபோல, நிலச் சொத்து இலாப வரி என்று இன்னொன்று இருக்கிறது. பெற்றோர் பிள்ளைக்கும், பாட்டன் பேரனுக்கும் அன்பளிப்பாகக் கொடுக்கும்போது அந்த வரி வராது. ஆனால் அங்கே கொடுப்பவர் குடிமகனாக இருக்கவேண்டும். தோட்டங்களில் சிவப்பு அடையாளக் கார்டோடு வாழ்நாளைக் கழிக்கும் முதியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அடையாளக் கார்டின் நிறம் இப்படி வீட்டுப் பத்திரம் வரை வந்து தொடுகிறது. குடியுரிமை விண்ணப்பத்தைத் தள்ளிப்போடாதீர்கள் என்று நாம் திரும்பத் திரும்பச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

இரண்டாவது வழி, காலத்துக்குப் பிறகு சேர்வது. உயில்படியோ, வாரிசுச் சட்டப்படியோ உரியவருக்கு வீடு மாறும்போது முத்திரை வரி வெறும் பத்து வெள்ளிதான். ஆகவே வரியை மட்டும் பார்த்தால், வீட்டை அவசரப்பட்டு எழுதிக்கொடுக்க வேண்டிய கட்டாயம் எதுவுமில்லை. இதை நன்றாக மனத்தில் வையுங்கள். "இப்போதே எழுதிக் கொடுங்கள் பாட்டி, இல்லாவிட்டால் வரி விழுங்கிவிடும்" என்று யாராவது நெருக்கினால், அது சொந்தப் பேரனேயானாலும், கையெழுத்துப் போடாமல் ஒரு வழக்கறிஞரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

எழுதிக்கொடுத்த பிறகு அந்த வீடு பேரனுடையது. அவன் கடன்பட்டால் அந்த வீட்டின்மேல் வழக்கு வரும். அவன் விற்றால் தடுக்க முடியாது. அவன் நமக்கு முன்னே காலமானால், வீடு அவனுடைய வாரிசுகளுக்குப் போகும், நமக்குத் திரும்பாது. முதுமையில் தலைக்குமேல் இருக்கிற ஒரே கூரையை, இல்லாத வரிக்குப் பயந்து கைவிடலாகாது.

இனி, நாம் முக்கியமாகச் சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறோம். பேரப்பிள்ளைக்குச் சொத்துப் போகாமல் போவது பெரும்பாலும் வரியினால் அல்ல. எழுதி வைக்காததினாலும், பதிந்து வைக்காததினாலும்தான்.

உயில் எழுதாமல் ஒருவர் காலமானால் அவருடைய சொத்தை 1958ஆம் ஆண்டுப் பங்கீட்டுச் சட்டம் பிரிக்கிறது. 1997இல் திருத்தப்பட்டபடி, மனைவியும் பிள்ளைகளும் பெற்றோரும் இருந்தால், மனைவிக்கு நாலில் ஒரு பங்கு, பெற்றோருக்கு நாலில் ஒரு பங்கு, பிள்ளைகளுக்குப் பாதி. பெற்றோர் இல்லையென்றால் மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு, பிள்ளைகளுக்கு மூன்றில் இரண்டு. இதில் பேரப்பிள்ளை எங்கே? மகன் உயிரோடு இருக்கும்வரை, அந்த மகனின் பிள்ளைக்குச் சட்டப்படி பங்கு இல்லை. மகன் முன்னமே இறந்திருந்தால்தான் அவனுடைய பங்கு அவன் பிள்ளைகளுக்கு இறங்கும்.

ஓர் எடுத்துக்காட்டு. பாட்டியும் பாட்டனின் பெற்றோரும் முன்பே காலமாகிவிட்டார்கள். பாட்டனாருக்கு மூன்று பிள்ளைகள். மூத்த மகன் இறந்து, அவனுக்கு இரண்டு பிள்ளைகள். பாட்டனார் உயில் எழுதாமல் இறந்தால் சொத்து மூன்று பங்காகும். இருக்கிற இருவருக்கும் ஆளுக்கு மூன்றில் ஒன்று. இறந்த மகனின் இரு பிள்ளைகளுக்கும் ஆளுக்கு ஆறில் ஒன்று. இப்போது வேறொரு குடும்பத்தை எண்ணிப் பாருங்கள். மகன் வேலை தேடிப் பட்டணம் போய்விட்டான். பேத்தியைப் பாட்டிதான் ஐந்து வயதிலிருந்து வளர்த்தாள். பாட்டிக்குக் கடைசிவரை கஞ்சி ஊற்றியதும் அந்தப் பேத்திதான். உயில் இல்லையென்றால் சட்டம் அவளைப் பார்க்காது. பட்டணம் போன மகனைத்தான் பார்க்கும்.

இதைவிடக் கடினமானதொன்று இருக்கிறது. பள்ளியில் பிள்ளைகளைச் சேர்க்கும்போது பிறப்புப் பத்திரங்களை வாங்கிப் பார்ப்பவர்கள் நாம். தகப்பன் பெயர் இருக்கவேண்டிய இடம் வெறுமையாக இருக்கும் பத்திரங்களைக் காண்கிறோம். தாயும் தகப்பனும் கோயிலில் தாலி கட்டி ஒன்றாகத்தான் வாழ்கிறார்கள். ஆனால் திருமணத்தைப் பதியவில்லை. 1982ஆம் ஆண்டு மார்ச் முதல் தேதியிலிருந்து முஸ்லிமல்லாதாரின் திருமணங்களைப் பதிந்தாகவேண்டும் என்பது சட்டம். பங்கீட்டுச் சட்டத்தில் பிள்ளை என்றால் சட்டப்படியான பிள்ளை. பதியாத திருமணத்தில் பிறந்த பிள்ளைக்கு, உயில் இல்லாத பாட்டனாரின் சொத்தில் பங்கு கேட்க வழி அடைபட்டுப்போகிறது. வளர்ப்புப் பிள்ளைக்கும் அப்படியே. சட்டப்படி தத்தெடுத்துப் பதிந்திருந்தால்தான் வாரிசு. "ஊருக்கே தெரியுமே" என்று சொல்லலாம். ஊருக்குத் தெரிந்தது நில அலுவலகத்துக்குத் தெரியாது.

இதற்கெல்லாம் மருந்து ஓர் உயில். உயிலில் பேரன், பேத்தி, வளர்ப்புப் பிள்ளை என்று யாருக்கு வேண்டுமானாலும் பெயர் குறிப்பிட்டு எழுதலாம். 1959ஆம் ஆண்டு உயில் சட்டம் கேட்பவை எளியவை. எழுதுபவருக்கு 18 வயது நிறைந்திருக்கவேண்டும், தெளிந்த புத்தி இருக்கவேண்டும். உயில் எழுத்தில் இருக்கவேண்டும். இரண்டு சாட்சிகள் ஒரே நேரத்தில் உடனிருக்க, அவர் கையெழுத்திடவேண்டும். அவர் முன்னிலையில் சாட்சிகளும் கையெழுத்திடவேண்டும். சொத்துப் பெறுபவரோ, அவருடைய கணவன் மனைவியோ சாட்சியாக நிற்கக்கூடாது. நின்றால் உயில் செல்லும், ஆனால் அவர் பெறவேண்டியது போய்விடும். ஆகவே பேத்திக்கு எழுதும் உயிலில் பேத்தி சாட்சிக் கையெழுத்துப் போடலாகாது. உயில் எழுதியபின் திருமணம் செய்தால் பழைய உயில் செல்லாது, மறுபடி எழுதவேண்டும். பேரப்பிள்ளை 18 வயது நிறையாதவரானால், அதுவரை சொத்தைப் பார்த்துக்கொள்ள நம்பிக்கையான ஒருவரைப் பொறுப்பாளராக உயிலிலேயே குறிப்பிடுங்கள். வழக்கறிஞரிடமோ அமானா ராயாவிலோ இதைச் செய்துகொள்ளலாம். முஸ்லிம் நேயர்களுக்கு இந்த உயில் சட்டமும் பங்கீட்டுச் சட்டமும் பொருந்தா. அவர்கள் தங்கள் சமயச் சட்டப்படி கேட்டு நடக்கவேண்டும்.

அடுத்தது பெயர் நியமனம். ஊழியர் சேமநிதி 1951இல் தொடங்கியது. அதில் நியமனதாரர் பெயரைப் பதிந்து வைத்தால், முஸ்லிமல்லாதார் விஷயத்தில் பணம் நேரே அவருக்குப் போகும். பதியாவிட்டால், வாரிசுகள் பத்திரம் பத்திரமாகத் தூக்கிக்கொண்டு அலைய நேரிடும். வேலையில் சேர்ந்தபோது அம்மா பெயரைக் கொடுத்தவர்கள், அம்மா காலமான பிறகும் அதை மாற்றாமல் இருப்பதுண்டு. இன்றைக்கே சரிபாருங்கள். காப்புறுதிக்கும் கூட்டுறவுச் சங்கப் பங்குக்கும் அதுவே முறை. பாட்டனார் பெயரில் நிலநிதிப் பங்குச் சான்றிதழ் ஏதும் பெட்டியில் கிடக்கிறதா என்றும் தேடிப் பாருங்கள்.

ஏற்கெனவே காலமானவர் பெயரில் வீடு கிடக்கும் குடும்பங்கள் என்ன செய்வது? உயில் இல்லாமல் இறந்தவரின் சொத்தில் வீடோ நிலமோ இருந்தால், 1955ஆம் ஆண்டுச் சிறு சொத்துப் பங்கீட்டுச் சட்டத்தின் கீழ், உயர்நீதிமன்றம் போகாமலே விண்ணப்பிக்கலாம். முன்பு இரண்டு மில்லியன் வெள்ளி வரை இருந்த வரம்பு 2024 ஜூலையிலிருந்து ஐந்து மில்லியனாக உயர்ந்திருக்கிறது. இறப்புப் பத்திரம், நிலப் பத்திரத்தின் நகல், வரி கட்டிய ரசீது, வாரிசுகள் எல்லாருடைய அடையாளக் கார்டு நகல், பிறப்புப் பத்திரம், திருமணப் பத்திரம் ஆகியவற்றை ஒரு கோப்பில் சேருங்கள். நம் கோல லங்காட் மாவட்டத்தார் தெலுக் டத்தோவிலுள்ள மாவட்ட நில அலுவலகத்தில் முதலில் விசாரிக்கலாம். விசாரணை நாளன்று வாரிசுகள் எல்லாரும் ஒத்துவந்தால் வேலை எளிதாகும். பாட்டன் காலத்தில் நாலு வாரிசு இருந்த சொத்துக்கு, பேரன் காலத்தில் நாற்பது வாரிசு இருப்பார்கள். ஒருவர் ஈப்போவில், ஒருவர் சிங்கப்பூரில், ஒருவர் எங்கேயென்றே தெரியாது. காலம் கடத்தக் கடத்த முடிச்சு இறுகும்.

இறுதியாக, ஒரு வரியை மறந்துவிடவேண்டாம். மரணவரி போய்விட்டது, நிலவரி போகவில்லை. பாட்டனார் இறந்ததும் "யார் கட்டுவது" என்று ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு நிலவரியைக் கட்டாமல் விடுகிற குடும்பங்கள் உண்டு. நிலவரி பாக்கி நின்றால் நில அலுவலகம் அறிவிக்கை அனுப்பும். அதற்குரிய மூன்று மாதத் தவணைக்குள்ளும் கட்டாவிட்டால் நிலம் அரசாங்கத்துக்குச் சேர்ந்துவிடலாம். அந்த அறிவிக்கை இறந்தவர் பெயருக்கு, பழைய லயத்து முகவரிக்குப் போனால், யார் பிரித்துப் படிப்பார்கள்? ஐம்பது, நூறு வெள்ளிக்காகப் பல இலட்சம் பெறும் நிலம் கைவிட்டுப் போகவேண்டுமா? யார் பெயரில் இருந்தாலும் வரியைக் கட்டி ரசீதைக் காப்பாற்றுங்கள். முகவரி மாறினால் நில அலுவலகத்தில் சொல்லி மாற்றுங்கள். பேரப்பிள்ளையின் கைக்கு வந்த வீட்டை வாடகைக்கு விட்டால் அந்த வாடகை வருமானம். அதை வருமான வரிக் கணக்கில் காட்டவேண்டும் என்பதையும் சொல்லி வையுங்கள்.

வீட்டுப் பத்திரத்தில் "மாநில அரசின் அனுமதியின்றிப் பெயர் மாற்றலாகாது" என்ற கட்டுப்பாடு பல மலிவு விலை வீடுகளுக்கு இருக்கிறது. வங்கிக் கடன் தீராத வீட்டுக்கு வங்கியின் ஒப்புதலும் வேண்டும். எந்த முடிவுக்கும் முன் பத்திரத்தின் பின்பக்கம் வரை படித்துப் பாருங்கள். படிக்கத் தெரியாதவர்கள் பள்ளிக்கூடத்துப் பிள்ளையைப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள்.

நேயர்களே, சொன்னவற்றைச் சுருக்கிக்கொள்வோம். நம் நாட்டில் இன்று மரணவரி இல்லை. பேரப்பிள்ளைக்கு அன்பளிப்பாகக் கொடுக்கும் வீட்டுக்கு ஒரு மில்லியன் வரை முத்திரை வரி இல்லை. உயில்படி போனால் பத்து வெள்ளி. ஆகவே வரிக்குப் பயந்து வீட்டை இழக்கவேண்டாம். திருமணத்தைப் பதியுங்கள். பிறப்புப் பத்திரத்தைச் சரிசெய்யுங்கள். சேமநிதியில் பெயரைக் கொடுங்கள். உயில் எழுதுங்கள். நிலவரியைக் கட்டுங்கள். இந்த ஐந்தில் எது உங்கள் வீட்டில் பாக்கி என்று இன்றிரவு சாப்பாட்டு வேளையில் குடும்பத்தோடு உட்கார்ந்து பேசுங்கள். பெரியவர்கள் இருக்கும்போதே இதைப் பேசுவது அபசகுனம் என்று எண்ணவேண்டாம். அவர்கள் வாயிலிருந்து வரும் சொல்லுக்கு இருக்கும் மதிப்பு, அவர்கள் போனபிறகு நாலு பேர் கூடி அடித்துக்கொள்ளும் பேச்சுக்கு இராது.

மழையிலும் வெயிலிலும் நின்று சேர்த்த பொருள் அது. உரிய கைக்கு ஒழுங்காகப் போய்ச் சேரட்டும்.